முன் பிரேக்கில் ரெண்டு சுத்து

மார்ச் 4

வாலுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீயும் நலம்னு உன் அண்ணன் சொல்றார். அவர்கிட்ட மட்டும் வாரா வாரம் அரை மணி நேரம் பேசுறே. நான் போனை வாங்கினா "டியூட்டி இருக்கு அண்ணி"ன்னு வச்சுடுறே. அதான் லெட்டர். லெட்டரைப் பாதியில கட் பண்ண முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுடு.

விஷயம் இதுதான். அந்த மலை சைக்கிள் பந்தயம் மே மாசம் மறுபடி நடக்குது. அதே மலை, அதே ரெண்டு நாள், அதே ஆறு கட்டம். விண்ணப்பம் உள்ளே வச்சிருக்கேன். ஜோடிப் பிரிவுன்னா ரெண்டு பேரும் பேனாவுல கையெழுத்துப் போட்டே ஆகணுமாம். நான் போட்டுட்டேன். உன் இடம் காலியா இருக்கு. மார்ச் 25 கடைசித் தேதி.

போன வருஷம் முடிவுக் கோட்டுகிட்ட நின்னுட்டு அத்தனை பேர் முன்னாடி நீ சொன்னதை நான் மறக்கல. "எங்க அண்ணியை லிஃப்ட்ல வச்சு இறக்கியிருக்கலாம்"னு சொன்னே. முன்பின் தெரியாதவங்க எல்லாம் வயித்தைப் பிடிச்சுட்டுச் சிரிச்சாங்க. லிஃப்ட் ரிப்பேர் பாக்கிறவளைப் பாத்து லிஃப்ட் ஜோக்! ஜோக் நல்லாத்தான் இருந்துச்சு, அதுதான் எனக்கு இன்னும் எரியுது. அந்த வழுக்கைப் பாறையில நான் சைக்கிளை விட்டு இறங்கி நடந்தது தப்புதான், அதனால ரெண்டாவது இடத்துல இருந்த நாம ஏழாவதுக்குப் போனதும் நிஜந்தான். அதுக்காக அப்படியா? "இனி உன்கூட ஒரு மேட்டுக்குக்கூட வர மாட்டேன்"னு நானும் கத்திட்டேன். அடுத்த மாசமே நீ மாற்றல் வாங்கிட்டுக் கிளம்பிட்டே.

கத்தினதைத் திரும்ப எடுத்துக்கறேன்னு அர்த்தம் பண்ணிக்காதே. கையெழுத்து வேணும்னு கேக்கறேன், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
உன் அண்ணன் மனைவி

---

மார்ச் 12

அண்ணி,

லெட்டர் வந்துச்சு. கிழிக்கல. "உன் அண்ணன் மனைவி"யாம்! பதினஞ்சு வருஷமா எனக்குத் தலை பின்னி விட்டவங்க போடுற கையெழுத்தா இது?

விண்ணப்பத்தை அப்படியே திருப்பி அனுப்பறேன். நான் வர முடியாது. ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே ரூமுக்கு நாங்க மூணு பேர்தான், அதுல ஒருத்தி பிரசவ லீவு. அப்புறம் என் முழங்கால். அப்புறம் வண்டியோட செயின் துருப்பிடிச்சுக் கிடக்கு. இதுல எது நிஜக் காரணம்னு நோண்டாதீங்க, மூணையும் சேத்து எடுத்துக்கோங்க.

இங்கே என் ரூம் மாடியில, ஜன்னலைத் திறந்தா லாரி நிறுத்தற இடம். அண்ணன் கேட்டா மரம் தெரியுதுன்னு சொல்லியிருக்கேன், நீங்களும் அப்படியே சொல்லுங்க. கூட இருக்கிற பொண்ணு லேப்ல ரத்தம் எடுக்கிறவ. அவளும் நானும் சமையலுக்குச் சண்டை போடறதில்ல, ரெண்டு பேருக்குமே வராது.

நீங்க தனியாப் போறதா இருந்தா தாராளமாப் போங்க. உங்களால முடியும். ஆனா ஒண்ணு. கிளம்பறதுக்கு முன்னாடி முன் பிரேக்கை யாராவது நல்ல மெக்கானிக்கிட்ட காட்டுங்க. ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. வண்டியைக் கண்ட இடத்துல நிறுத்திட்டுக் குளிக்கப் போகாதீங்க. யாரையும் தொட விடாதீங்க, வீட்டு ஆளா இருந்தாலும். இதை விளையாட்டுக்குச் சொல்லல.

வாலு

---

மார்ச் 24

வாலு,

முன் பிரேக்கை மெக்கானிக்கிட்ட காட்டணுமா? எவன்கிட்ட? பதினாலு மாடிக் கட்டிடத்துல பன்னெண்டு பேரைத் தூக்கிட்டுப் போற பெட்டி நின்ன இடத்துல நிக்குதுன்னா, அதுக்குக் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறவ நான். வயித்தெரிச்சலைக் கிளப்பாதே.

தனியாவே பேர் கொடுத்துட்டேன். நாப்பது வயசுக்கு மேற்பட்ட பெண்கள் பிரிவு. எங்க மேனேஜர்கிட்ட லீவு கேட்டப்போ என்ன பந்தயம்னு கேட்டார். "மலை மேல ஏறணும், கடிகாரம் ஓடாது. அங்கிருந்து காட்டு வழியா இறங்கணும், அப்போதான் கடிகாரம் ஓடும். மறுபடி அடுத்த உச்சிக்கு ஏறணும், மறுபடி இறங்கணும். இப்படி ஆறு தடவை. ஆறு இறக்கத்தையும் கூட்டி, கம்மியான நேரம் யாருக்கோ அவங்க முதல்"னேன். "அப்போ ஏறுறது சும்மாவா?"ன்னு கேட்டார். "சும்மாதான் சார், ஆனா சொன்ன மணிக்கு மேலே போய் நிக்கலைன்னா வெளியே அனுப்பிடுவாங்க"ன்னேன். "நம்ம வேலை மாதிரியே இருக்கே"ன்னு சொல்லிட்டு லீவு கொடுத்துட்டார்.

பயிற்சி நடக்குது. தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி கல் பதிச்ச கரை இருக்கில்ல, ஞாயித்துக்கிழமை அங்கே போறேன். உன் அண்ணன் டிப்போவுலேருந்து பழைய பஸ் சீட்டு மெத்தை நாலு கொண்டு வந்து கீழே போட்டுட்டு, பக்கத்துல கண்ணை மூடிட்டு நிக்கிறார். கண்ணை மூடிட்டா எப்படிங்க பிடிப்பீங்கன்னு கேட்டேன். "சத்தம் கேட்டா திறந்துடுவேன்"ங்கிறார். இத்தனை வருஷம் பஸ் ஓட்டின மனுஷன் பேசுற பேச்சா இது!

என் பிரச்சினை உனக்குத் தெரியும். சரிவைப் பாத்ததும் ரெண்டு கையும் தானா பிரேக்கை நெரிச்சுடுது. இருபது வருஷமா எதையாவது நிறுத்தறதுக்குத்தான் சம்பளம் வாங்கறேன், விடுன்னா கை கேக்க மாட்டேங்குது. அந்த வழுக்கைப் பாறையில முன் பிரேக்கை நெரிச்சா தலைகுப்புறத்தான். இந்த வருஷம் அதுல கால் ஊணாம இறங்கிடணும். ஜெயிக்கறது தோக்கறது எனக்கு ரெண்டாம் பட்சம். அந்த ஒரு பாறை போதும்.

நீ என்னமோ மறைக்கிறே. "விளையாட்டுக்குச் சொல்லல"ன்னு உனக்கு வராத பாஷையில லெட்டர் எழுதியிருக்கே. என்னன்னு சொல்லு.

அ.ம.

---

ஏப்ரல் 5

அண்ணி,

இதை நாலு தடவை எழுதிக் கிழிச்சுட்டேன். இது அஞ்சாவது. இதையும் கிழிச்சுடுவேனோன்னு பயந்து, கவர்ல முதல்ல ஸ்டாம்ப் ஒட்டி வச்சுட்டுத்தான் எழுத உக்காந்திருக்கேன்.

போன வருஷம் முதல் நாள் மூணு கட்டம் முடிஞ்சு நாம ரெண்டாவது இடத்துல இருந்தோமே, ஞாபகம் இருக்கா? எனக்குத் தலைகால் புரியல. சாயங்காலம் வண்டி ரெண்டையும் கழுவி ஷெட்ல நிறுத்திட்டு நீங்க குளிக்கப் போனீங்க. நான் அங்கேயே நின்னுட்டிருந்தேன். ஜோடியில யார் பின்னாடி வர்றாங்களோ அவங்க நேரம்தான் ரெண்டு பேருக்கும். மூணு கட்டத்துலயும் நான் கோட்டைத் தாண்டி நின்னு உங்களுக்காகக் காத்திட்டிருந்தேன். உங்க பிரேக் லேசாத் தொட்டாலே கப்புனு கடிக்குது, அதான் நீங்க தொட்டுத் தொட்டு நிக்கிறீங்க, கொஞ்சம் தளர்ந்து இருந்தா வண்டி ஓடிடும்னு எனக்கு ஒரு மேதாவித்தனம். உங்க டூல் பையிலேருந்து ஆலன் கீயை எடுத்து, முன் பிரேக் லீவர்ல இருக்கிற சின்னத் திருகாணியை ரெண்டு சுத்து தளர்த்திட்டேன்.

காலையில சொல்லிடலாம்னு இருந்தேன். மறந்துட்டேன்னு எழுத ஆசையா இருக்கு, ஆனா மறக்கல. சொன்னா திட்டுவீங்கன்னு விட்டுட்டேன்.

அப்புறம் நாலாவது கட்டம். கோட்டுகிட்ட நின்னு பாத்துட்டே இருக்கேன், நீங்க வரவே இல்ல. கடிகாரம் ஒன்பது நிமிஷத்தைத் தாண்டினப்புறம்தான் வந்தீங்க. பாறையில நடந்து இறங்கினேன்னு சொன்னீங்க. எனக்குக் கோபத்துல அந்த லிஃப்ட் ஜோக் வாயில வந்துடுச்சு. திருகாணி ஞாபகமே இல்ல அப்போ.

திரும்பி வரும்போது வேன்ல அண்ணன் ஏன் இறங்கினேன்னு கேட்டார். நீங்க, "முன் பிரேக் பிடிக்கலைங்க, அதான் இறங்கிட்டேன்"னு சொன்னீங்க. நான் பின் சீட்ல இருந்தேன். நீங்க மட்டும் இறங்காம இருந்திருந்தா? அந்தச் சரிவுல லீவரை அழுத்தி அது சும்மா கைப்பிடி வரைக்கும் போயிருந்தா? உங்களைக் கொன்னிருப்பேன் அண்ணி. கொன்னுட்டு, மேல ஜோக்கும் அடிச்சிருக்கேன்.

அதுக்கப்புறம் உங்க முகத்தைப் பாக்க முடியல. நீங்க சாப்பிட வான்னு கூப்பிட்டா பசிக்கலைன்னு ரூமுக்குப் போயிடுவேன். அதான் மாற்றல் கேட்டேன். இங்கே தினம் முப்பது பேருக்கு எலும்புப் படம் எடுக்கறேன். மணிக்கட்டு உடைஞ்சு யாராவது வந்தா, உடனே உங்க கைதான் கண்ணுக்கு முன்னாடி வருது.

திட்டுங்க. அண்ணன்கிட்ட சொல்லிடுங்க. என்ன வேணா பண்ணுங்க. ஆனா எனக்குக் கையெழுத்துப் போடற தகுதி இல்ல, அதான் திருப்பி அனுப்பினேன். முழங்கால் நல்லாத்தான் இருக்கு.

வாலு

---

ஏப்ரல் 13

என் வாலு,

உன் லெட்டரை லிஃப்ட் மெஷின் ரூம்ல உக்காந்து படிச்சேன். படிச்சு முடிச்சுட்டு எந்திரிக்கத் தோணல. கீழே ஆறாவது மாடியில ஒரு அம்மா மணியடிச்சுட்டே இருந்தாங்க, பாவம்.

இப்போ நான் சொல்றதை உக்காந்து படி.

எனக்கு அது அன்னிக்கே தெரியும்.

காலையில ஷெட்லேருந்து வண்டியைத் தள்ளிட்டு வரும்போதே லீவரைத் தொட்டேன். ரெண்டு சுத்து தளர்ந்திருக்குன்னு என் விரலுக்குத் தெரிஞ்சு போச்சு. லிஃப்ட்ல கால் வச்சதும் எந்தக் கயிறு தொய்ஞ்சிருக்குன்னு சொல்றவகிட்ட இந்த விளையாட்டா? குனிஞ்சு பாத்தா திருகாணியோட தலை சிதைஞ்சிருக்கு. சைஸ் தப்பான ஆலன் கீயைப் போட்டு நெம்புறவ நம்ம குடும்பத்துல ஒருத்திதான். அங்கேயே சரியான கீயை எடுத்து ரெண்டு சுத்தையும் திருப்பி வச்சுட்டேன். நீ அப்போ வாய் நிறைய பிரெட்டை அடைச்சுட்டு எனக்கு டாட்டா காட்டிட்டிருந்தே.

நாலாவது கட்டத்துக்கு மேலே நிக்கும்போது முன் பிரேக் பிரமாதமா இருந்துச்சு. பாறைகிட்ட வந்தேன், எட்டிப் பாத்தேன், வண்டியை விட்டு இறங்கிட்டேன். பயம்தான். வேற ஒரு காரணமும் இல்ல. நீ என்னைக் கொல்லவும் இல்ல, கொல்லப் பாக்கவும் இல்ல.

அப்போ வேன்ல ஏன் அப்படிச் சொன்னேன்னு கேப்பே. அங்கேதான் எனக்கு எழுத வெக்கமா இருக்கு. உன் அண்ணன்கிட்ட பயந்துட்டேன்னு சொல்ல மானம் போச்சு, அது ஒண்ணு. இன்னொண்ணு, நீ பின் சீட்ல இருக்கேன்னு தெரிஞ்சுதான் சத்தமா சொன்னேன். நாலு பேர் என்னைப் பாத்துச் சிரிக்கிற மாதிரி பண்ணியே, உனக்கு ஒரு குத்து குத்தணும்னு இருந்துச்சு. நீ உடனே "அண்ணி, நான்தான் தொட்டேன்"னு அலறுவே, நான் "தெரியும்டி கழுதை, சரி பண்ணிட்டேன்"னு சொல்லி மூக்கை உடைக்கலாம்னு காத்திட்டிருந்தேன். நீ வாயே திறக்கல. ஒத்துக்க மனசு வரல பாருன்னு எனக்கு இன்னும் கோபம். ஒரு வாரம் போச்சு, ஒரு மாசம் போச்சு, நீ பெட்டியைக் கட்டிட்டே. சம்பளம் கூடன்னு சொன்னே, நானும் நம்பினேன். நீ இதை நெஞ்சுல தூக்கிட்டு அலையறேன்னு சத்தியமா எனக்குத் தெரியாது.

உன் லெட்டர் வந்ததும் "ஆமா, நீதான் காரணம், போனா போகுது மன்னிச்சுட்டேன்"னு எழுதியிருந்தா நான் பெரிய மனுஷி ஆகியிருப்பேன். ஒரு நிமிஷம் ஆசைகூட வந்துச்சு. அப்படி எழுதினா நான் மனுஷியே இல்ல.

நீ பண்ணது தப்பு. நான் பண்ணது அதைவிடத் தப்பு. என்னை மன்னிச்சுடு. உன் அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன். "உங்க ரெண்டு பேரையும் ஒரே வேன்ல ஏத்தினது என் தப்பு"ன்னார்.

அண்ணி

---

ஏப்ரல் 20

அண்ணி,

பதினோரு மாசம்! பதினோரு மாசம் அண்ணி!

நான் இங்கே ஒவ்வொரு படத்துலயும் உங்களைப் புதைச்சு எடுத்துட்டிருக்கேன், நீங்க அங்கே மூக்கை உடைக்கக் காத்திட்டிருந்தீங்களா? லெட்டரைப் படிச்சுட்டு அழுதேனா சிரிச்சேனான்னு எனக்கே தெரியல. கூட இருக்கிற பொண்ணு பயந்துபோய் எனக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணலாமான்னு கேக்கறா.

இனிமே எனக்கு எழுதாதீங்க.

வாலு

பி.கு: முன் டயர்ல காத்தைக் கொஞ்சம் குறைச்சு வைங்க. பாறை ஈரமா இருந்தா இடது ஓரமா இறங்குங்க, அங்கே சொரசொரப்பு ஜாஸ்தி. பிரேக் மேல ஒரு விரல்தான், ரெண்டு விரல் வச்சீங்கன்னா தெரியும் சேதி.

இன்னொரு பி.கு: பந்தயம் முடிஞ்சதும் ஒரே ஒரு லெட்டர் போடுங்க. போன் வேண்டாம், போன்ல நான் கத்திடுவேன். லெட்டரைக் கோபத்தோடயே படிச்சுக்கறேன்.

---

மே 11

வாலு,

எழுதாதேன்னும் சொல்லிட்டு எழுதுன்னும் சொல்றே. சரி, ரெண்டாவதைக் கேக்கறேன். வலது கை பெருவிரல் வீங்கியிருக்கு, அதனால எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். பதறாதே, ஒடியல, ஆட்டிப் பாத்துட்டேன்.

எங்க பிரிவுல மொத்தம் ஒன்பது பேர். பல் டாக்டர் ஒருத்தி, தபால் கொண்டு போறவ ஒருத்தி, பேரன் பேத்தி எடுத்த ஒரு நீச்சல் டீச்சர், அப்புறம் யார் யாரோ. முதல் நாள் மூணு கட்டமும் நல்லாப் போச்சு. நான் நாலாவது. நம்ப மாட்டே, மூணாவது கட்டத்துல அந்த வேர் நிறைஞ்ச சரிவுல நான் ஒருத்தியைத் தாண்டிப் போனேன்! "வலது பக்கம் வர்றேன்"னு கத்தணும்ல, எனக்கு வாயில வந்தது "கதவு மூடுது"ன்னு. அவ பயந்து ஒதுங்கிட்டா.

ஏத்தம்தான் கஷ்டமா இருந்துச்சு. மூச்சுக்காகச் சொல்லல. போன வருஷம் வண்டியைத் தள்ளிட்டு ஏறும்போது நீ வாய் ஓயாமப் பேசிட்டே வருவே. எந்த டாக்டர் யாரைப் பாத்துச் சிரிச்சார், எந்த நோயாளி பெல்ட்டைக் கழட்ட மாட்டேன்னு அடம் பிடிச்சார். இந்த வருஷம் என் மூச்சுச் சத்தத்தை நானே கேட்டுட்டு ஏறினேன். ரெண்டு மணி நேர ஏத்தம் அது. உன்னை அவ்வளவு தேடுச்சு.

ரெண்டாம் நாள் காலையில நாலாவது கட்டம். கடிகாரக்காரர் "போங்க"ன்னார், போனேன். காடு, திருப்பம், சின்ன ஓடை, அப்புறம் வெளிச்சம். வெளிச்சம் வந்தாலே பாறை வந்துடுச்சுன்னு அர்த்தம். நடு மண்டையில முடியில்லாதவர் குனிஞ்சு உக்காந்திருக்கிற மாதிரி அப்படியே இருக்கு, ஒரு மாற்றமும் இல்ல. எட்டிப் பாக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணியிருந்தேன். பாக்காமலே வண்டியை விட்டேன். முன் சக்கரம் கீழே சாஞ்சுது. ஒரு விரல். இடது ஓரம். "விடு, விடு, விடு"ன்னு யாரோ கத்தறாங்க, யார்னு பாத்தா நான்தான். கை கேட்டுச்சு வாலு! முதல் தடவையா என் கை என் பேச்சைக் கேட்டுச்சு. பாறை முடிஞ்சு மண்ணு வந்தாச்சு, ரெண்டு காலும் பெடல் மேலயே இருக்கு.

நான் இறங்கிட்டேன். அந்த வழுக்கையில நான் இறங்கிட்டேன்!

இப்போ அடுத்த சமாச்சாரம். பாறைக்கு அந்தாண்ட ஒரு திருப்பம் இருக்கு. உனக்குத் தெரியும். போன வருஷம் நடந்து வந்ததால நான் அதைக் கவனிக்கல. ஒரு வருஷமா ராத்திரி பகல் பாறையைப் பத்தியே யோசிச்சவளுக்கு, பாறைக்கு அப்புறமும் வழி இருக்குங்கிறதே மறந்து போச்சு. பஸ் சீட்டு மெத்தை வந்து ஏந்திக்கும்னு மனசு நினைச்சுதோ என்னவோ. கத்திட்டே நேரா போய்ப் புதர்ல விழுந்தேன்.

விழுந்து கிடந்து சிரிக்கறேன், நிறுத்த முடியல. அங்கே கொடி பிடிச்சிட்டு நின்னவர் ஓடி வந்தார். தலையில அடிபட்டுச்சோன்னு அவருக்குச் சந்தேகம். அப்படின்னு அவர் எழுதிக் கொடுத்துட்டா என்னைப் பந்தயத்துலேருந்து இறக்கிடுவாங்க. "இன்னிக்கு என்ன கிழமை?"ன்னு கேட்டார். "நான் பாறையில இறங்கின கிழமை"ன்னேன். அவர் முகம் போன போக்கைப் பாத்துட்டு, "ஞாயிறு, ஞாயிறு"ன்னு அவசரமா சொல்லி, சிரிப்பை அடக்கிட்டு எந்திரிச்சேன். வண்டியோட கைப்பிடி வலது பக்கமாத் திரும்பிக் கிடக்கு, செயின் கழண்டு சக்கரத்துல சிக்கியிருக்கு. வேற யாரும் தொடக் கூடாதுன்னு விதி. அவர் கையைக் கட்டிட்டு நிக்கிறார், நான் முன் சக்கரத்தைத் தொடைக்கு நடுவுல இடுக்கிக் கைப்பிடியை நிமித்தினேன். "என்ன வேலை பாக்கறீங்க?"ன்னு கேட்டார். சொன்னேன். "எங்க கட்டிட லிஃப்ட் நாலு நாளா ஓடலைம்மா"ன்னார். செயினை மாட்டிட்டே என்ன சத்தம் வருதுன்னு விசாரிச்சு, கதவு சென்சாரைத் துடைக்கச் சொல்லிட்டுக் கிளம்பினேன்.

அந்தக் கட்டத்துக்கு மட்டும் ஒன்பது நிமிஷம் நாலு செகண்ட். மொத்தத்துல ஆறாவது இடம். எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, நேத்துலேருந்து சிரிச்சுட்டே இருக்கேன். உன் அண்ணன் முடிவுக் கோட்டுகிட்ட கண்ணைத் திறந்து வச்சுட்டு நின்னார், அது ஒரு பெரிய விஷயம்.

உன்கிட்ட முதல்ல நானே சொல்லணும்னு அவரை வாயைத் திறக்கக் கூடாதுன்னு மிரட்டி வச்சிருக்கேன். கோபம் தீர்ந்துச்சா?

அண்ணி

---

மே 11

அண்ணி,

உங்க லெட்டர் வர நாலு நாள் ஆகும். அதுவரைக்கும் என்னால பொறுக்க முடியல, அதான் நானே எழுதறேன்.

பந்தயக்காரங்க நேரத்தையெல்லாம் இணையத்துல போட்டாங்க. நேத்து டியூட்டி நடுவுல, ஒரு தாத்தாவை மூச்சடக்கச் சொல்லிட்டு எட்டி எட்டிப் பாத்தேன். தாத்தா நீலம் பாரிச்சுட்டார், அப்புறம்தான் விடுங்கன்னு சொன்னேன். முதல் மூணு கட்டமும் பாத்துட்டு எனக்குத் தலைகால் புரியல. அப்புறம் நாலாவது. ஒன்பது நிமிஷம் நாலு செகண்ட். போன வருஷம் நடந்தப்போ ஒன்பது இருபது.

எனக்குப் புரிஞ்சு போச்சு. அண்ணன்கிட்ட போன் பண்ணி, அண்ணி நடந்துட்டாங்களான்னு கேட்டேன். "அவளே எழுதுவா"ன்னு வச்சுட்டார். அவர் குரலே சரியில்ல.

அண்ணி, நான் சொல்றதைக் கேளுங்க. நடந்தா நடந்துட்டுப் போறீங்க. ஒரு பாறை என்ன பெரிய பாறை! அதுல இறங்காதவங்க கோடிப் பேர் இருக்காங்க, எல்லாரும் நல்லாத்தான் சாப்பிட்டுத் தூங்கறாங்க. நான் அன்னிக்கு அந்த ஜோக்கை அடிக்காம இருந்திருந்தா நீங்க இதை இவ்வளவு பெருசா எடுத்திருக்க மாட்டீங்க. அந்தப் பாறையை உங்க தலையில ஏத்தி வச்சது நான்தான்.

அடுத்த வருஷம் நான் வர்றேன். ஜோடியாப் போவோம். பாறை வந்ததும் நீங்க இறங்குங்க, நானும் இறங்கறேன். ரெண்டு பேரும் வண்டியைத் தோள்ல போட்டுட்டு, கதை பேசிட்டே நடந்து இறங்குவோம். கடைசி இடம் வந்தாலும் பரவால்ல. கோட்டுகிட்ட நின்னு எவனாவது சிரிச்சா, அவனை நான் பாத்துக்கறேன்.

கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கு. அதை அப்புறம் பாத்துக்கலாம். நீங்க அழாதீங்க.

உங்க வாலு

---

மே 18

என் வாலு,

நம்ம ரெண்டு லெட்டரும் வழியில ஒண்ணையொண்ணு தாண்டிப் போயிருக்கு. இந்நேரம் என்னோடது உன் கையில இருக்கும், நீ தலையில அடிச்சுட்டு உக்காந்திருப்பே. உன் அண்ணன் குரல் சரியில்லாததுக்குக் காரணம், அவர் சிரிப்பை அடக்கிட்டு இருந்ததுதான்.

உன் லெட்டரை அவருக்குப் படிச்சுக் காட்டினேன். "தோள்ல போட்டுட்டு, கதை பேசிட்டே"ங்கிற இடத்துல லெட்டரை அவர் கையில கொடுத்துட்டேன். மிச்சத்தை அவர்தான் படிச்சார். பாறையில இறங்கினப்போ அழலடி, அப்போ சிரிப்புதான் வந்துச்சு. நீ எனக்காக நடக்கறேன்னு சொன்னதுக்குத்தான் அழுதேன். நான் தோத்துட்டேன்னு நெனச்சுட்டு வர்றேன்னு சொன்னே பாரு, அதை நான் பத்திரமா எடுத்து வச்சிருக்கேன்.

நடக்க வேண்டாம். ரெண்டு பேரும் இறங்குவோம். நீ முன்னாடி போய் அந்தத் திருப்பத்துல நின்னு, திருப்பம் இருக்குன்னு கத்து, போதும். ஏறும்போது வாயை மூடாம வரணும், அது என் நிபந்தனை.

அடுத்த வருஷ விண்ணப்பம் இன்னும் அச்சடிக்கலையாம். நீ கையெழுத்துப் போடாமத் திருப்பி அனுப்பினதே இருக்கு, அதுல வருஷத்தை அடிச்சு மாத்தி எழுதியிருக்கேன். செல்லாதுன்னு தெரியும். இருந்தாலும் போட்டு அனுப்பு, எனக்குப் பாக்கணும்.

கவருக்குள்ள கனமா ஒண்ணு தட்டுப்படும். தொலைச்சுடாதே, ஆலன் கீ. அந்தத் திருகாணிக்குச் சரியான சைஸ் அதுதான். சிதைஞ்ச திருகாணியை எடுத்துட்டுப் புதுசு போட்டிருக்கேன். லீவுல வரும்போது கீயைக் கொண்டு வந்து என் முன் பிரேக்கை நீயே வச்சுடு. ஒரு சுத்தோ ரெண்டு சுத்தோ, உனக்கு எது சரின்னு தோணுதோ அது.

நான் தொட்டுப் பாக்க மாட்டேன்.

அண்ணி